கதவு தட்டாமல் வந்தவர்கள்

டி.வி. நகைச்சுவைத் தொடர்களில் பக்கத்து வீட்டுக்காரர் இல்லாமல் கதை நகராது. அவர் வீடு மாறிப் போய்விட்டால் அந்தச் சிநேகம் என்ன ஆகிறது? லூசியின் நியூயார்க்கிலிருந்து திருவனந்தபுரம் கரமனை வரை ஒரு பார்வை.

கதவு திறக்கிறது. தட்டும் சத்தம் இல்லை, 'உள்ளே வரலாமா' என்ற கேள்வியும் இல்லை. வந்தவர் நேராகச் சமையலறைக்குப் போகிறார், மூடி வைத்ததைத் திறந்து பார்க்கிறார், கையில் கிடைத்ததை வாயில் போட்டுக்கொள்கிறார். வந்த விஷயம் என்ன என்பது அதற்குப் பிறகுதான். வீட்டுக்காரருக்குக் கோபம் வருவதில்லை. பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

'சிட்காம்' என்று அழைக்கப்படும் டி.வி. நகைச்சுவைத் தொடர்களைக் கொஞ்சமாவது பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடம். அமெரிக்காவின் சி.பி.எஸ். நிறுவனம் 1951இல் ஒளிபரப்பத் தொடங்கிய 'ஐ லவ் லூசி'யில் எத்தல் மெர்ட்ஸ் இப்படித்தான் பின்கதவு வழியாக லூசியின் சமையலறைக்குள் வந்தாள். 1955இல் 'தி ஹனிமூனர்ஸ்' தொடரில் மாடி வீட்டு எட் நார்ட்டன். 1989இல் தொடங்கிய 'சைன்ஃபெல்ட்'டில் எதிர் வீட்டு க்ரேமர் நடந்து வருவதே இல்லை. சறுக்கிக்கொண்டு வந்து நிற்பார்.

இத்தனை பக்கத்து வீட்டுக்காரர்கள் எதற்கு? அமெரிக்கர்களுக்கு அண்டை அயலாரிடம் அவ்வளவு பிரியமா? விடை அதைவிடச் சாதாரணமானது. தச்சு வேலை. 'ஐ லவ் லூசி' தொடர் ஒரே அரங்கில், எதிரே நிஜமான பார்வையாளர்களை உட்கார வைத்து, மூன்று கேமராக்களால் ஒரே நேரத்தில் படமாக்கப்பட்டது. பிறகு வந்த தொடர்களில் பெரும்பாலானவை இந்த வழியையே பிடித்துக்கொண்டன. ஒரு கூடம், ஒரு சோபா, ஒரு சமையலறை, ஒரு கதவு. வாரா வாரம் அதே அறை. இந்த அறைக்குள் புதிதாக எதுவும் நடக்கவேண்டும் என்றால் யாராவது உள்ளே வரவேண்டும். மாமனார் வந்தால் ஊரிலிருந்து வரக் காரணம் சொல்ல வேண்டும். மேலதிகாரி வந்தால் அதற்கு ஒரு விருந்து வைக்க வேண்டும். காரணமே சொல்லாமல் வரக்கூடிய ஒரே ஆள் பக்கத்து வீட்டுக்காரர். சர்க்கரை கேட்டு வந்தேன் என்றால் போதும். சிநேகத்தை எழுதியது கதாசிரியர் என்றாலும் அதற்கு இடம் கொடுத்தது அரங்கம் போட்ட தச்சர்.

ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் சாமான்களை லாரியில் ஏற்றினால் தொடருக்கு நிஜமாகவே சங்கடம். அந்தச் சிநேகம் ஆளுக்காகவா, அல்லது நடுவில் இருந்த சுவருக்காகவா என்ற கேள்வி வந்துவிடுகிறது.

திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு கேட்கத் தகுந்த கேள்விதான் இது. கோட்டைப் பகுதியிலும் கரமனையிலும் வலியசாலையிலும் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் தமிழ்த் தெருக்கள் உண்டு. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் இருமல். தலைமுறை தலைமுறையாக அந்தச் சுவரைப் பகிர்ந்துகொண்ட குடும்பங்களில் பல சென்னை, பெங்களூர், மும்பை, அமெரிக்கா என்று போய்விட்டன. ஊருக்குள் தோட்டம் சூழ்ந்த தனி வீடுகளில் இருந்த மலையாளிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வளைகுடா, பிறகு கனடா, ஆஸ்திரேலியா. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது கேரளத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு வீடு காலியாக இருந்தது. பழைய பக்கத்து வீட்டுக்காரர் என்ற உறவு இங்கே வீட்டுக்கு வீடு உண்டு.

கோழிப் பண்ணைக்கு வந்த சிநேகிதி

டி.வி. இந்தக் கேள்விக்குச் சொன்ன முதல் பதில் ரொம்பவும் சுலபமானது: பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய்விடு.

'ஐ லவ் லூசி'யில் லூசியும் கணவன் ரிக்கியும் வாடகைக்குக் குடியிருப்பவர்கள்; எத்தலும் அவள் கணவன் ஃப்ரெட்டும் அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர்கள். வாடகை வாங்குகிறவளும் கொடுக்கிறவளும் உயிர்த் தோழிகள். நம் ஊரில் வாடகை வீட்டில் இருந்தவர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லத் தெரியவில்லை. 1957இல், தொடரின் ஆறாவது ஆண்டில், ரிக்கி குடும்பம் நியூயார்க்கை விட்டு கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட் என்ற புறநகர்ப் பகுதிக்குக் குடிபோனது. தோட்டமும் காற்றும் வேண்டும் என்று லூசிக்கு ஆசை. அந்தக் காலத்து அமெரிக்க நடுத்தர வர்க்கம் முழுவதுமே அப்படித்தான் நகரத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. ஆனால் எத்தல் இல்லாமல் லூசி யாரோடு சேர்ந்து விபரீத யோசனைகள் செய்வாள்? கொஞ்ச நாளில் கோழி வளர்த்து முட்டை விற்கலாம் என்று ஒரு திட்டம் முளைத்தது. அதைப் பார்த்துக்கொள்ள எத்தலும் ஃப்ரெட்டும் வெஸ்ட்போர்ட்டில் லூசி வீட்டு விருந்தினர் மனைக்கே வந்துவிட்டார்கள். சுவர் போய்விட்டது, தோட்டம் வந்துவிட்டது, பக்கத்து வீடு அப்படியே இருந்தது.

திரையில் இத்தனை நெருக்கம். திரைக்கு வெளியே கதை வேறு. எத்தலாக நடித்த விவியன் வான்ஸுக்கும் ஃப்ரெட்டாக நடித்த வில்லியம் ஃப்ராலிக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. ஃப்ராலி அவரைவிட 22 வயது மூத்தவர். அப்பாவாக இருக்க வேண்டியவருக்கு மனைவியாக நடிக்க வைத்துவிட்டார்களே என்று வான்ஸுக்கு மனக்குறை. அது ஃப்ராலியின் காதுக்குப் போனதும் அவர் ஜன்மத்துக்கும் மன்னிக்கவில்லை. தொடர் முடிந்தபோது மெர்ட்ஸ் தம்பதியை மட்டும் வைத்துத் தனித் தொடர் எடுக்கலாம் என்ற யோசனை வந்தது. ஃப்ராலிக்குச் சம்மதம். வான்ஸ் மறுத்துவிட்டார். பணம் வந்தாலும் அந்த மனிதரோடு இன்னொரு வீட்டில் குடித்தனம் நடத்த அவர் தயாராக இல்லை.

லூசியாக நடித்த லூசில் பாலிடம் மட்டும் அவருடைய சிநேகம் நீடித்தது. 1962இல் பால் 'தி லூசி ஷோ'வைத் தொடங்கியபோது வான்ஸ் மறுபடி வந்தார். ஒரு நிபந்தனையோடு. பாத்திரத்தின் பெயர் விவியன் என்று இருக்க வேண்டும். போகிற இடமெல்லாம் 'எத்தல், எத்தல்' என்று கூப்பிடுவது அவருக்கு அலுத்துவிட்டது. இந்த முறை அவர் விவாகரத்தான பெண். பக்கத்து வீடும் இல்லை, ஒரே வீட்டில் தோழியோடு பங்குக் குடித்தனம். அமெரிக்க டி.வி.யின் முக்கிய நேரத் தொடரில் நிரந்தரப் பாத்திரமாக வந்த முதல் விவாகரத்தான பெண் என்று அவளைச் சொல்வார்கள். 1965இல் வான்ஸ் அந்தத் தொடரிலிருந்தும் விலகிப் பிறகு விருந்தாளியாக மட்டும் வந்துபோனார். இது எனக்கு வெஸ்ட்போர்ட் கோழிப் பண்ணையைவிட நம்பும்படியாக இருக்கிறது. பழைய பக்கத்து வீட்டுக்காரர்கள் நிஜத்திலும் அப்படித்தான் வருகிறார்கள்: எப்போதாவது, சொல்லிவிட்டு, முன்கதவு வழியாக.

மாடிப் பெண்ணின் கல்யாணம்

இரண்டாவது பதில் 1974இல் வந்தது. 'மேரி டைலர் மூர் ஷோ' 1970இல் தொடங்கியபோது மினியாபொலிஸ் நகரில் மேரி கீழே; மாடியில் ரோடா. முதல் நாளே இருவருக்கும் அந்தக் கீழ் வீட்டுக்காக வாய்ச்சண்டை. அதிலிருந்துதான் சிநேகம். ஒருத்திக்கு ஒருத்தி அறிவுரை சொல்லாமல் கேலி செய்துகொண்டே துணை நிற்கும் இரண்டு பெண்களை டி.வி. அதற்கு முன்பு அவ்வளவாகக் காட்டியதில்லை. ரோடாவுக்கு ரசிகர்கள் பெருகவே, அவளை நியூயார்க்குக்கு அனுப்பி 'ரோடா' என்று தனித் தொடரே தொடங்கினார்கள்.

பழைய வீட்டுச் சிநேகிதிகள் வந்து போனார்கள். 1974 அக்டோபர் 28 அன்று ஒளிபரப்பான ரோடாவின் கல்யாணத்தை அமெரிக்காவில் 5 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். மேரியும் வந்திருந்தாள். மினியாபொலிஸில் அதே கட்டடத்தில் இருந்த ஃபிலிஸ் மணப்பெண்ணைக் காரில் கூட்டிவரும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு அதைச் சுத்தமாக மறந்துவிட்டாள். ரோடா கல்யாண உடுப்போடு சுரங்க ரயிலைப் பிடித்து ஓடினாள். பழைய பக்கத்து வீட்டுக்காரி உறவைப் பற்றி யாரோ அனுபவஸ்தர் எழுதிய காட்சி என்று எனக்குச் சந்தேகம். ஆசையாகக் கல்யாணத்துக்கு வருவார்கள். ஒப்படைத்த ஒரு வேலையை மறந்தும் போவார்கள்.

மேரியும் ரோடாவும் அதற்குப் பிறகு தனித்தனி வழியில் போனார்கள். 2000ஆம் ஆண்டில் 'மேரி அண்ட் ரோடா' என்ற டி.வி. படத்தில் இருவரும் மீண்டும் சந்திக்கிறார்கள். ஒருத்தி கணவனை இழந்தவள், ஒருத்தி மணவிலக்கானவள். ஆளுக்கு வளர்ந்த ஒரு மகள். நடுவில் பல வருடம் தொடர்பே இல்லை. படத்தை விமர்சகர்கள் கொண்டாடவில்லை. ஆனால் அந்த இடைவெளியை மறைக்காமல் ஒப்புக்கொண்டதற்காகவே அதற்கு ஒரு மரியாதை உண்டு. மூர் 2017இலும் ரோடாவாக நடித்த வேலரி ஹார்ப்பர் 2019இலும் காலமானார்கள்.

மூன்றாவது பதில் கசப்பானது. 'ஆல் இன் தி ஃபேமிலி'யில் வெள்ளை நிறத்தவரான ஆர்ச்சி பங்க்கர் வாயைத் திறந்தால் இனவெறிப் பேச்சு. பக்கத்து வீட்டில் ஜெஃபர்சன் என்ற கறுப்பினக் குடும்பம். ஆர்ச்சிக்கும் ஜார்ஜ் ஜெஃபர்சனுக்கும் ஜென்மப் பகை. ஆனால் மனைவிமார் எடித்தும் லூயிஸும் தோழிகள். வேலிக்கு இரண்டு பக்கமும் ஆண்கள் முறைத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு பெண்கள் பாதை. இந்தத் தொடரில் இருந்த நல்ல விஷயங்களில் அது ஒன்று. உலர் சலவைக் கடைகள் நடத்திய ஜார்ஜுக்குப் பணம் சேர்ந்தது. 1975 ஜனவரியில் ஜெஃபர்சன் குடும்பம் மன்ஹாட்டனில் உயரமான கட்டடத்துக்குக் குடிபோனது. எடித்தும் லூயிஸும் கண்ணீரோடு விடைபெற்றுக்கொண்டார்கள். 'தி ஜெஃபர்சன்ஸ்' தனித் தொடராகி 1985 வரை 253 பகுதிகள் ஓடியது. புது வீட்டுக்குப் புது அண்டை வீட்டார் வந்தார்கள். லூயிஸின் கதைக்கு எடித் தேவைப்படவில்லை. கறுப்பினக் குடும்பத்தின் முன்னேற்றம் என்று அமெரிக்கா கைதட்டியது, நியாயமாகவே. அந்தக் கைதட்டலில் ஒரு சிநேகிதி பின்தங்கிப் போனதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

இளைய வாசகர்களுக்கு 'ஃப்ரெண்ட்ஸ்' தெரிந்திருக்கும். எதிரெதிர் வீடுகளில் பத்து ஆண்டுகள் ஒருவர் ஃப்ரிட்ஜை ஒருவர் காலி செய்தவர்கள். 2004 மே 6 அன்று கடைசிப் பகுதியில் ஆறு பேரும் ஆளுக்கொரு வீட்டுச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். அமெரிக்காவில் மட்டும் 5 கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்துக் கலங்கினார்கள். அதே ஆண்டு ஜோயி மட்டும் லாஸ் ஏஞ்சல்ஸ் போய் 'ஜோயி' என்ற தொடரில் குடியேறினான். இரண்டு ஆண்டுகள், 46 பகுதிகள். பழைய ஐந்து பேரில் ஒருவர்கூட அந்தத் திரைக்குள் காலடி வைக்கவில்லை.

நிஜ வாழ்க்கை இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. 'சைன்ஃபெல்ட்' தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட் ஒரு காலத்தில் மன்ஹாட்டனில் வாழ்ந்தபோது அவருக்கு எதிர் வீட்டில் இருந்தவர் கென்னி க்ரேமர். தொடரின் க்ரேமருக்கு அவர்தான் மூலம். பழைய எதிர்வீட்டுக்காரர் பெரும் பணக்காரர் ஆனபின் கென்னி க்ரேமர் மனம் கோணவில்லை; 1996இல் தொடரில் வரும் இடங்களைச் சுற்றிக் காட்டும் பஸ் சுற்றுலா ஒன்றைத் தொடங்கிவிட்டார். டிக்கெட் வாங்கிக்கொண்டுதான்.

பாயும் பெட்டியும்

இனி நம் ஊர். கேரளத்துக்கு டி.வி. வந்தது 1982இல், திருவனந்தபுரத்துக்கு. 1985 ஜனவரி 1 முதல் குடப்பனக்குன்று தூர்தர்ஷன் நிலையம் மலையாள நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. ஆரம்பத்தில் தெருவுக்கு ஒன்றிரண்டு வீட்டில்தான் பெட்டி. மற்ற வீட்டுக்காரர்கள் அங்கே போய்ப் பாயில் உட்கார்ந்தார்கள். 1987 ஜனவரி 25 அன்று 'ராமாயண்' தொடங்கியபின் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அந்தக் கூடங்களில் இடம் பிடிப்பதே பெரிய காரியம். தொடர் இந்தியில். கரமனையில் நாங்கள் போன பக்கத்து வீட்டு மாமி பம்பாயில் இருந்தவர். ராமர் பேசி முடித்ததும் தமிழில் ஒரு தரம், பின்னால் நின்ற மலையாளி அக்காக்களுக்காக மலையாளத்தில் ஒரு தரம் சொல்லுவார். மொழிபெயர்ப்பு என்ற வேலையை நான் முதலில் பார்த்தது அங்கேதான். அனுமன் வசனத்துக்கு மாமி தன் சொந்தச் சரக்கையும் சேர்ப்பார் என்பது பிற்பாடு இந்தி கற்றபோதுதான் தெரிந்தது.

தமிழ் பார்க்க வழியில்லை. ஞாயிறு மதியம் தூர்தர்ஷன் முறை வைத்துக் காட்டிய மாநில மொழிப் படங்களில் தமிழின் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். 1993இல் ஏப்ரலில் சன் டி.வி.யும் ஆகஸ்டில் ஏஷியாநெட்டும் வந்து, கேபிளும் வீட்டுக்கு வீடு நுழைந்ததும் அவரவர் மொழி அவரவர் கூடத்துக்கே வந்துவிட்டது. அதற்குள் பெட்டியும் அவரவர் வீட்டில். பாயைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்து டி.வி. பார்த்தது போய், பக்கத்து வீட்டுக்காரரை டி.வி.யில் பார்க்கும் காலம் தொடங்கியது.

டி.வி.யிலோ அவருக்குப் பஞ்சமில்லை. 1984இல் 'யே ஜோ ஹை ஜிந்தகி', 1986இல் தெருமுனையையே குடும்பமாக்கிய 'நுக்கட்', 1988இல் ஆர்.கே. லட்சுமணின் பாத்திரங்களைக் கொண்ட 'வாக்லே கி துனியா'. 1990களின் நடுவில் 'ஸ்ரீமான் ஸ்ரீமதி' பக்கத்து வீட்டுக்காரரின் மனைவிமேல் கண் வைக்கும் கதையை எடுத்துக்கொண்டது. சிநேகம் சபலமாக மாறியது என்று வருத்தப்படுவதா சிரிப்பதா என்று புரியாமல் தேசமே பார்த்தது. 2015இல் தொடங்கிய 'பாபிஜி கர் பர் ஹைன்' அதே வழிவந்தது.

2008 ஜூலையில் தொடங்கிய 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா'வின் கோகுல்தாம் குடியிருப்பில் தமிழருக்கும் ஒரு வீடு உண்டு: விஞ்ஞானி ஐயர். அவர் பேசும் பேச்சைக் கேட்டு மாம்பலம்வாசிகள் தலையில் அடித்துக்கொண்டாலும், இந்தியாவின் கற்பனைக் குடியிருப்பில் நமக்கும் ஒரு கதவு எண் கிடைத்ததே என்று திருப்திப்படலாம். கோகுல்தாமில் இருந்து யாரும் நிரந்தரமாக வீடு மாறிப் போவதில்லை, நடிகர்கள்தான் போகிறார்கள். ஜேட்டாலாலுக்கு எந்தச் சங்கடம் வந்தாலும் அணைக்க ஓடிவரும் 'தீயணைப்பு வண்டி' பக்கத்து வீட்டு எழுத்தாளர் தாரக் மேத்தா. அந்த வேடத்தில் நடித்த சைலேஷ் லோதா 2022இல் விலகினார். அதே ஆண்டு சச்சின் ஷ்ராஃப் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். 14 ஆண்டு பழகிய முகம் மாறிப்போனதை ஜேட்டாலால் கவனிக்காத மாதிரி இருக்க வேண்டியிருந்தது. அமெரிக்கத் தொடர்கள் ஆளைக் காப்பாற்றி வீட்டை மாற்றின. நம் தொடர் வீட்டைக் காப்பாற்றி ஆளை மாற்றியது.

அயல் என்றால் என்ன?

தமிழிலும் மலையாளத்திலும் இந்தச் சரக்கை முதலில் கையாண்டது டி.வி. அல்ல, நாடகமும் சினிமாவும். கே. பாலசந்தர் மேடையில் போட்டு 1968இல் படமாக்கிய 'எதிர்நீச்சல்' ஒரு ஒண்டுக் குடித்தன வீட்டின் கதை. மாடிப்படியடியில் கிடக்கும் அநாதை மாதுவாக நாகேஷ். அந்தச் சென்னை வீட்டின் குடித்தனக்காரர்களில் ஒரு நாயர் குடும்பமும் உண்டு. எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்யும் மாதுவுக்கு ஒவ்வொரு வீட்டிலும் மிச்சம்தான் சாப்பாடு. அண்டை வீட்டுப் பாசத்தில் இருக்கும் சுரண்டலைச் சிரிக்க வைத்துக்கொண்டே சொன்னதில் அதற்கு இணை இன்னும் வரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

மலையாளிகளுக்கு 1980களில் 'ஹவுசிங் காலனி' ஒரு புது உலகம். வளைகுடாப் பணமும் வங்கிக் கடனும் கட்டிய வீடுகளில் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். சத்யன் அந்திக்காடு 1986இல் 'காந்திநகர் செகண்ட் ஸ்ட்ரீட்' எடுத்தார். காலனிக்குக் காவலாகக் கூர்க்கா வேடம் போடும் வேலையில்லாப் பட்டதாரியாக மோகன்லால். தமிழில் அது 1988இல் சத்யராஜ் நடிக்க 'அண்ணா நகர் முதல் தெரு' ஆயிற்று. 1990இல் 'தலையணமந்திர'த்தில் சீனிவாசனும் ஊர்வசியும் கூட்டுக் குடும்பத்தை விட்டுக் காலனிக்குக் குடிபோய், பக்கத்து வீட்டுப் பணக்காரர்களைப் பார்த்துக் கடனில் மூழ்குகிறார்கள். சர்க்கரை இரவல் கேட்கும் அண்டை வீட்டார் போய், பொறாமைப்பட வேண்டிய அண்டை வீட்டார் வந்துவிட்டார்கள்.

பிறகு வந்த மலையாளச் சிரிப்புத் தொடர்கள் வீட்டுக் கதவை இன்னும் இறுக்கிச் சாத்திக்கொண்டன. மழவில் மனோரமாவின் 'தட்டீம் முட்டீம்' தொடரில் மறைந்த கே.பி.ஏ.சி. லலிதா மாமியார், மஞ்சு பிள்ளை மருமகள். 2015இல் ஃப்ளவர்ஸ் சேனலில் தொடங்கிய 'உப்பும் முளகும்' பாலு, நீலு, அவர்கள் பிள்ளைகள் என்று ஒரு வீட்டுக்குள்ளேயே சுற்றியது. பாலுவாக நடித்த பிஜு சோபானத்தின் திருவனந்தபுரத்துப் பேச்சுக்கே பாதி ரசிகர்கள். இரண்டும் நன்றாக எழுதப்பட்டவை. சண்டையும் சமாதானமும் இரத்த சொந்தத்துக்குள்ளேயே முடிந்துவிட்டதால் பக்கத்து வீட்டுக்கு அதிக வேலையில்லை.

மொழிபெயர்ப்பவர்களுக்குத் தொல்லை கொடுக்கும் ஒரு சொல்லை இங்கே சொல்ல வேண்டும். 'அயல்'. மலையாளத்தில் 'அயல்க்காரன்' என்றால் பக்கத்து வீட்டுக்காரன். களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தால் 'அயலான்' அந்நியன், 'அயல்நாடு' வெளிநாடு. 2024இல் வந்த 'அயலான்' படத்திலோ வேற்றுக் கிரகத்திலிருந்தே வந்தவன். 'அண்டை அயல்' என்ற ஜோடிச் சொல்லில் மட்டும் பழைய பொருள் தங்கியிருக்கிறது. ஈழத் தமிழர்கள் பக்கத்து வீட்டாரை இன்றும் 'அயலவர்' என்கிறார்கள். ஒரே சொல் ஒரு மொழியில் பக்கத்தில் வந்து உட்கார்கிறது, இன்னொரு மொழியில் எழுந்து தூரப் போகிறது. கேரள அரசு 1998இல் குடும்பஸ்ரீ திட்டத்தைத் தொடங்கியபோது அதன் அடித்தளமாக வைத்த பெண்கள் குழுவுக்கு 'அயல்க்கூட்டம்' என்று பெயர். பத்து முதல் இருபது வீட்டுப் பெண்கள் வாரம் ஒருமுறை கூடி, சேமித்து, கடன் கொடுத்து வாங்கும் அமைப்பு. எதார்த்தத்தில் தமிழ்நாட்டுச் செய்தித்தாளுக்கு அதை 'அயல் கூட்டம்' என்று அப்படியே எழுதினால் வெளிநாட்டுச் சதி என்று நினைக்கக்கூடும். நான் 'அக்கம்பக்கத்தார் குழு' என்று எழுதிச் சமாளிப்பேன்.

கடல் கடந்த அயலைக் காட்டிய தொடர் ஒன்று உண்டு. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கைரளி டி.வி. 2008இல் ஒளிபரப்பத் தொடங்கிய 'அக்கரக் காழ்ச்சகள்'. அமெரிக்காவில் வேறு வேலையில் இருந்த மலையாளிகள் ஓய்வு நேரத்தில் நடித்து எடுத்தது. நியூஜெர்சியில் இன்சூரன்ஸ் விற்கும் ஜார்ஜ், நர்ஸ் வேலை செய்யும் மனைவி ரின்சி, ஊரிலிருந்து வந்த அப்பச்சன். நண்பர்கள் உண்டு, ஆனால் அவர்கள் காரில்தான் வர வேண்டும். நாட்டில் இருந்தவர்களைப் பற்றிய பெருமையும் புறணியும் தொலைபேசியில். பின்கதவு என்ற ஒன்றே இல்லாத நகைச்சுவை. வளைகுடாவில் இருந்தவர்களும் இங்கே பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தவர்களும் அதை விழுந்து விழுந்து பார்த்ததில் வியப்பில்லை.

'ஃப்ரெண்ட்ஸ்' காரர்கள் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்கள் அல்லவா? திருவனந்தபுரத்தில் அது வழக்கமில்லை. வெளிநாடு போகிறவர்கள் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த வீட்டுக்காரர்தான் மாதத்துக்கு ஒரு தரம் ஜன்னலைத் திறந்து வைக்கிறார், மின்கட்டணச் சீட்டை எடுத்துப் படம் பிடித்து அனுப்புகிறார், தேங்காய் விழுந்தால் தகவல் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரரும் மகளோடு இருக்க பெங்களூர் போய்விட்டால் சாவி அடுத்த வீட்டுக்குப் போகிறது. ஒரே ஆளிடம் நாலைந்து வீட்டுச் சாவி இருக்கும் தெருக்கள் இந்த ஊரில் உண்டு.

இப்போது கேரளப் போலீஸ் 'போல் ஆப்' என்ற கைபேசிச் செயலியில் ஒரு வசதி வைத்திருக்கிறது. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் அதில் பதிந்தால் 14 நாள் வரை போலீஸ் அந்தப் பக்கம் ரோந்து வரும். போகிற தேதி, வீட்டுப் பெயர், வீடு இருக்கும் இடம் எல்லாம் கேட்கிறார்கள். இன்னொன்றும் கேட்கிறார்கள்: அருகில் வசிக்கும் உறவினர் அல்லது அயல்வாசியின் பெயர், தொலைபேசி எண்.